பாதி செம்பு, பாதி தோல்

ஒயரக்காவின் இடது கை ஒயரின் நுனியைப் பிடித்திருந்தது. வலது கையிலிருந்த இடுக்கி அதன் கறுப்புத் தோலைக் கடித்து, ஒரு திருகு திருகி, உருவி எறிந்தது. உள்ளேயிருந்த செம்பு இழைகளை விரலால் முறுக்கி, லக் என்று அவர்கள் சொல்லும் செம்பு முனையில் வைத்து, பெரிய இடுக்கியால் ‘கடக்’கென்று அழுத்தினாள். பிறகு ஒயரை ஒரு கையிலும் முனையை மறு கையிலும் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். வரவில்லை. மேசையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

இவ்வளவையும் அவள் மேசையைப் பார்க்காமலே செய்தாள். நான் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். நாற்பது வருஷம் நர்ஸாக நோயாளிகளைக் கவனித்துக்கொண்ட நான் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

அன்று என் வீட்டில் குழாய் வேலை. தண்ணீரும் இல்லை, உட்கார இடமும் இல்லை. அதனால்தான் அவளோடு போய் அந்தக் கொட்டகையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். கல்லூரியின் பின்புறம், முன்பு சைக்கிள் நிறுத்திய இடம். தகரக் கூரை, ஒரு மின்விசிறி, கறை படிந்த இரண்டு மேசைகள். நடுவில் ஒரு மரப்பெட்டியின் மேல் சக்கரங்கள் தரையில் படாமல் ரோபோ உட்கார்ந்திருந்தது. முழங்கால் உயரம், நாலு சக்கரம், ஒரு கை. தரையில் கிடக்கும் வளையங்களைப் பொறுக்கிப் போய்த் தன்னைவிட உயரமான கம்பத்தில் மாட்ட வேண்டும். அதற்கு ஒரு போட்டி, ஐந்து மாணவர்கள், ஒரு வருஷ உழைப்பு.

அவர்கள் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்திருந்தார்கள். ஒயரக்கா முதல் நாளே மாற்றிவிட்டாளாம். “அஞ்சு பேர் பணிவிடை பண்றீங்க, அவர் பெட்டி மேல கால் ஆட்டிட்டு உக்காந்திருக்கார். இவர் மாப்பிள்ளைதான்.” அன்றிலிருந்து அது மாப்பிள்ளை. ஓடினால் மாப்பிள்ளை கிளம்பிட்டார், நின்றால் மாப்பிள்ளைக்குக் கோபம்.

ஒயரக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா சீக்கிரம் போய்விட்டாள். அண்ணன் ஒருவன் தூரத்தில் குடும்பத்தோடு இருந்தான், விசேஷத்துக்கு விசேஷம் போன் செய்வான். அப்பாவுக்குச் சர்க்கரை வந்து கண் போனது, பிறகு கால் போனது. பதினொரு வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது எந்த வருஷத்தோடு போனது என்று அவளுக்கே தெரியாது. கடைசி ஒரு வருஷம் பகலில் அவரைக் கழுவி, திருப்பிப் படுக்க வைக்க நான் போனேன். அந்தப் பழக்கம்தான் எங்களுக்குள். அவர் போனபின் நான் பக்கத்துத் தெருவிலேயே குடிவந்துவிட்டேன். அவளுக்கு ஐம்பத்தேழு, எனக்கு எழுபத்துமூன்று. இன்றுவரை அவள் என்னை “சிஸ்டர்” என்றுதான் கூப்பிடுகிறாள்.

கார்களுக்கு ஒயர்க் கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தாள். காருக்குள் ஓடும் நூற்றுக்கணக்கான ஒயர்களின் நுனிகளில் முனை மாட்டும் மேசை அவளுடையது. முனையில் இரண்டு ஜோடி இறக்கை இருக்கும். முன் ஜோடி செம்பை அணைக்க வேண்டும், பின் ஜோடி தோலை அணைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அதை ஜன்னல் என்பார்கள். அந்த ஜன்னலில் பாதி செம்பு தெரிய வேண்டும், பாதி தோல் தெரிய வேண்டும். செம்பு மட்டும் தெரிந்தால் பிடிப்பு போதாது. தோல் மட்டும் தெரிந்தால் மின்சாரம் போகாது. பிறகுதான் இழுத்துப் பார்ப்பது. பார்ப்பது முதலில், இழுப்பது பிறகு.

இழுத்துப் பார்க்கும் பழக்கம் அவள் கையை விட்டுப் போகவில்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுப்பாள். மாத்திரை டப்பாவின் மூடியை இழுப்பாள். என் சேலை முந்தானையைப் பின் குத்திவிட்டு அதையும் ஒரு இழுப்பு. “கிழிச்சுடாதடி,” என்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் முட்டிவலி என்று சொல்லி வேலையை விட்டாள். நான் தைலம் வாங்கிக் கொடுத்தேன். அதன்பின் நாள்கள் நீண்டுவிட்டன. காலையில் வாசல் பெருக்குவாள், சமைப்பாள், சாப்பிடுவாள், பாத்திரம் கழுவுவாள். மணி பத்துகூட ஆகியிருக்காது. ரேடியோவை இரண்டு அறைக்கும் கேட்கும்படி வைத்திருப்பாள். ஒருநாள் மாலை நான் போனபோது, “இன்னிக்கு இப்பதான் சிஸ்டர் வாயத் திறக்கறேன்,” என்றாள். குரல் கரகரத்தது. சளி என்று நினைத்து நான் வெந்நீர் குடிக்கச் சொன்னேன்.

தொழிற்சாலையில் முன்பு அதிகாரியாக இருந்த ஒருவர் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்திருந்தார். அவர்தான் மாணவர்களின் ரோபோவுக்கு ஒயர் போட அவளைக் கூப்பிட்டார். சனிக்கிழமைகளில் மட்டும். மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காக நடந்தன. போட்டிக்கு முந்தின வாரம் தினமும் வரச் சொன்னார்கள். அந்த வாரம் அவள் இரண்டு புதுச் சேலை கட்டினாள்.

அன்று, நான் மூலையில் உட்கார்ந்திருந்த அன்று, மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. நேராக ஓடினால் ஓடும். நின்றபடி கையைத் தூக்கினால் தூக்கும். ஓடிக்கொண்டே தூக்கச் சொன்னால் விளக்கெல்லாம் அணைந்து, அப்படியே நின்று, பத்து விநாடி கழித்துத் தூங்கி எழுந்ததுபோல மறுபடி கண் விழிக்கும். ஒரு வாரமாக இதே கதை.

“மாப்பிள்ளைக்கு மயக்கம்,” என்றான் குழுவின் தலைவன். எல்லாரும் அவனைக் கேப்டன் என்றார்கள். சிரிப்பே வராத முகம். “கோட்லதான் பிரச்சனை.”

கோடு என்றால் ரோபோ என்ன செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதும் கட்டளை. ஒயரக்காவுக்கு முதலில் அது புரியவில்லை. “அந்தப் பொண்ணு எங்க கோடு போடுது, நான் பார்த்ததே இல்லையே,” என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து அதை எழுதும் பெண்ணுக்குக் கோட்டுப்பொண்ணு என்று பேர். ஒல்லியான பெண், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்.

“ஒயர் எல்லாம் பார்த்தாச்சு,” என்றான் கேப்டன். “பேட்டரி பன்னிரண்டரை வோல்ட் காட்டுது. எல்லா இடத்துலயும் அதேதான் காட்டுது. ஒயரக்கா ஒவ்வொண்ணையும் இழுத்துப் பார்த்திருக்காங்க. அப்ப மிச்சம் என்ன? கோடு.”

“கோட்ட நாலு தடவ பார்த்துட்டேன்,” என்றாள் அந்தப் பெண்.

“நாலு தடவ பார்த்தும் மயங்குதே.”

“அது பசியில மயங்குது. கோடு என்ன பண்ணும்?”

ஒருவன் சிரித்தான். கேப்டன் சிரிக்கவில்லை. போன மாதக் கோட்டைக் குழுவிலேயே வேறொருவன் எடுத்துத் திருத்துவான் என்றான். போட்டிக்குப் போகிறவர்களின் பட்டியலை நாளை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். இவள் பேருக்குப் பதிலாகத் திருத்துகிறவனுடைய நண்பன் ஒருவன் பேரைக் கொடுக்கலாம் என்றான். அந்தப் பெண் பையை எடுத்தாள். பிறகு எங்கே போவது என்று தெரியாததுபோல மறுபடி கீழே வைத்தாள். மற்றவர்கள் வாதாடிக்கொண்டே வெளியே போனார்கள். அவளும் பின்னால் போனாள்.

நானும் ஒயரக்காவும் மாப்பிள்ளையும்தான் உள்ளே. என் வீட்டுக் குழாயில் காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது. ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் நன்றாக வருகிறது. இரண்டைத் திறந்தால் மாடியில் நின்றுபோகிறது. தொட்டி நிறைய இருக்கிறது. குழாய்க்காரர் ஒரு இணைப்பைக் கழற்றி, உள்ளே அடைத்திருந்த துருவைக் காட்டினார். இதை ஒயரக்காவிடம் வெறும் பேச்சாகத்தான் சொன்னேன். படுத்திருக்கிற நோயாளிக்கு ரத்த அழுத்தம் சரியாகவே காட்டும், எழுந்து நிற்கச் சொன்னால்தான் தலை சுற்றும் என்றும் சொன்னேன்.

 அவள் எழுந்து, சற்று முன்வரை ஓடிக்கொண்டிருந்த மாப்பிள்ளையிடம் போனாள். வீட்டில் மெயின் சுவிட்ச், ஃப்யூஸ் பெட்டி இருப்பதுபோலத்தான் அதற்குள்ளும். பேட்டரியிலிருந்து ஒரு பெரிய சுவிட்ச், அங்கிருந்து ஒரு பங்கீட்டுப் பலகை, பலகையிலிருந்து மோட்டாருக்கு ஒரு கிளை, கிளைக்கு ஒரு ஃப்யூஸ். மூளைக்கு மெல்லிய கிளை ஒன்று. போகும் வழி சிவப்பு, எல்லாம் சேர்ந்து பேட்டரிக்குத் திரும்பும் வழி கறுப்பு. அவள் புறங்கையை ஒவ்வொரு இணைப்பின் மேலும் வைத்தாள். காய்ச்சலுக்கு அப்பாவின் கழுத்தில் அப்படித்தான் வைத்துப் பார்ப்பாள். நான் சொல்லிக்கொடுத்தது அது, உள்ளங்கை பொய் சொல்லும். பேட்டரியின் சிவப்பு, குளிர்ச்சி. சுவிட்ச், குளிர்ச்சி. பேட்டரிக்குத் திரும்பும் கறுப்பு ஒயரின் முனையில் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

 பிறகு பேட்டரியைக் கழற்றி, அந்த முனையை நாலு விரல் ஒயரோடு வெட்டி எடுத்து, கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வெட்டின நுனியில் டேப் சுற்றினாள்.

வெளியே போய், “ஒரு கறுப்பு ஒயரக் கழட்டியிருக்கேன். காலைல வந்து போடறேன். அதுவரைக்கும் மாப்பிள்ளையத் தொடாதீங்க,” என்றாள்.

“சரிக்கா. கோடும் மாத்தணும். காலைல ஓட்டிக்கலாம்,” என்றான் கேப்டன்.

அவளும் என் வீட்டுக்கே வந்தாள். என் வீட்டில் குழாய்க்காரர் போயிருந்தார், தண்ணீர் வந்தது. விளக்கைப் போட்டேன். கைக்குட்டையை அவிழ்த்து அந்தத் துண்டை என் முன்னால் வைத்தாள்.

“ஜன்னல்ல என்ன தெரியுது, பாருங்க சிஸ்டர்.”

மாத்திரை அட்டையில் தேதி படிக்க நான் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். “கறுப்பு.”

“செம்பு?”

“இல்ல.”

“நல்லாப் பாருங்க.”

“நல்லாத்தான் பார்க்கறேன். ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் பண்ணின ஆளு நான், உன்னவிட நல்லாத் தெரியும்.”

சொன்னபிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. அவள் கையைப் பார்த்தேன். துண்டு இருக்குமிடத்துக்கு ஒரு விரல் தள்ளி மேசையைத் தடவிக்கொண்டிருந்தது.

தோலைக் குறைவாக உரித்திருக்கிறாள். செம்பை அணைக்க வேண்டிய முன் இறக்கைகள் தோலை அணைத்திருந்தன. நுனியில் மட்டும் நாலைந்து இழை செம்பு உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரோபோவின் மொத்தப் பசிக்கும் அந்த நாலு இழை. சும்மா இருக்கும்போது போதும். ஓடிக்கொண்டே கையைத் தூக்கினால் போதாது.

“ஆனா இழுத்துப் பார்த்தேனே,” என்றாள்.

இழுத்தேன். வரவில்லை. முன்னால் ஒரு பிடி, பின்னால் ஒரு பிடி, இரண்டும் தோலில். இழுத்தால் எப்படி வரும்? ஒழுங்காகப் போட்டதைவிட இது கெட்டி.

“எத்தன நாளாத் தெரியல?” என்று கேட்டேன்.

“முட்டிக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர்.”

“நான் முட்டியக் கேக்கல.”

“கம்பெனில வருஷத்துக்கு ஒருதரம் கண்ணு பாப்பாங்க. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீங்க குடுத்த தைலம் ரெண்டும் அப்படியே இருக்கு, வேணும்னா எடுத்துக்குங்க.”

தைலத்தைப் பற்றிப் பேச எனக்கு நேரமில்லை. அவள் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பி, இமையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பாவையிலும் பால் கலந்ததுபோல வெண்மை. “எனக்குக் கண்புரைன்னுதான் படுது. டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். உங்கப்பாவுக்கு வந்தது வேற, இது வேற.”

“அப்பாவக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக நான் இருந்தேன்.”

  தட்டில் சோறு போட்டு வைத்தேன். சாப்பிடவில்லை.

“காலைல சீக்கிரம் போய்ச் சத்தமில்லாம வேற ஒண்ணு போட்டுட்டா மாப்பிள்ளை எந்திரிச்சுடுவார்,” என்றாள்.

“போடேன். நான் வந்து ஜன்னலப் பார்த்துச் சொல்றேன்.”

“எந்திரிச்சுட்டா, கோட்ட மாத்தினதாலதான்னு சொல்லுவாங்க. அந்தப் பொண்ணு தலைல அது ஆணியடிச்ச மாதிரி நின்னுடும்.”

“அப்பச் சொல்லிடு.”

“சொன்னா திட்ட மாட்டாங்க சிஸ்டர். நல்ல பசங்க. ‘நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா’ம்பாங்க.” தட்டை நகர்த்தினாள். “ரெஸ்ட்டுதான் ரெண்டு வருஷமா எடுக்கறேனே.”

நான் தட்டை மறுபடி அவள் பக்கம் தள்ளினேன். “எது பண்ணினாலும் சாப்பிட்டுட்டுப் பண்ணு.” பாதி சாப்பிட்டாள். வீட்டுக்குப் போய்ப் பூட்டை இழுத்த சத்தம் பக்கத்துத் தெருவரை கேட்டது என்று சொன்னால் பொய். ஆனால் இழுத்திருப்பாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு அவள் என் கதவைத் தட்டினாள். கூட வா என்று கேட்கவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. பெரிய சாலையைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் அது முதல் தடவை.

ஐந்து பேரும் கொட்டகையில் இருந்தார்கள். கோட்டுப்பொண்ணு தன் கம்ப்யூட்டரிலிருந்ததை எல்லாம் மற்றவனுக்கு மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒயரக்கா கைக்குட்டையை அவிழ்த்து மேசை நடுவில் அந்தத் துண்டை வைத்தாள்.

“இது நான் போட்டது. தோலக் கடிச்சிருக்கு. மாப்பிள்ளைக்கு மயக்கம் இதாலதான். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, ரெண்டு வருஷமா. அதச் சொல்லாம வந்துட்டு இருந்தேன். கோட்டுல ஒண்ணுமில்ல.”

ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தார்கள். கேப்டன் இழுத்துப் பார்த்தான். மறுபடி இழுத்தான். 

“நேத்து நான் சொன்னது…” என்று அந்தப் பெண்ணைப் பார்த்துத் தொடங்கினான்.

“கேட்டுச்சு,” என்றாள் அவள். கம்ப்யூட்டரை மூடிவிட்டு, நாற்காலியை ஒயரக்காவின் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். “ஒண்ணு இப்படின்னா மத்தது? எல்லாத்தையும் பார்த்துடலாம்.”

நாற்பத்தோரு முனைகள். அந்தப் பெண் போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு ஜன்னலையும் பார்த்தாள். ஒயரக்கா ஒவ்வொன்றையும் இழுத்தாள்.

“பாதி செம்பு, பாதி தோல்.”

“அடுத்தது.”

“பாதி, பாதி.”

“அடுத்தது.”

“முழுத் தோல்.”

“வெட்டு.”

ஐந்து முனைகளை வெட்டிப் போட்டு, வேறு ஐந்தும், பேட்டரியின் கறுப்பு ஒயருக்கு ஒன்றும் போட்டார்கள். பெண் உரித்து, பார்த்து, வைத்தாள். ஒயரக்கா அழுத்தினாள். பத்து மணிக்கு மாப்பிள்ளையைத் தரையில் இறக்கினார்கள். பழைய கோடுதான், அந்தப் பெண் எழுதியதேதான். ஓடிக்கொண்டே கையைத் தூக்கியது. நிற்கவில்லை. மறுபடி தூக்கியது. நிற்கவில்லை. ஆறாவது முறையில் வளையத்தைக் கம்பத்தில் மாட்டியது. ஒயரக்கா முனைகள் எல்லாவற்றிலும் புறங்கையை வைத்துப் பார்த்து, “காய்ச்சல் இல்ல,” என்றாள்.

கேப்டன் அங்கேயே நின்று பட்டியலை அனுப்பினான். அந்தப் பெண்ணின் பேரைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் அனுப்பினான். பிறகு ஒயரக்காவிடம் வந்தான். அவனுக்கு அது கஷ்டமாக இருந்தது, தெரிந்தது.

“போட்டிக்கு முன்னாடி எல்லாத்தையும் செக் பண்ணுவாங்கக்கா. இனிமே நாங்களே போட்டுக்கறோம். நீங்க ரெஸ்ட் எடுங்க.”

“சரிப்பா,” என்றாள்.

அவர்கள் ரோபோவைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள். அந்தப் பெண் வாசலில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தாள், யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். ஒயரக்கா மேசையில் சிதறிக் கிடந்த தோலையும் செம்புத் துணுக்குகளையும் உள்ளங்கையால் தடவிக் கூட்டி, குப்பையில் போட்டாள். தன் இடுக்கியைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். கொட்டகைக் கதவைச் சாத்தி, கொண்டியை மூன்று முறை இழுத்தாள்.

“கண் ஆஸ்பத்திரில பதினொன்றரை வரைக்கும் டோக்கன் குடுப்பாங்க,” என்றேன். “நடையப் போடு.”

டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தாள். பேர், வயது, முகவரி கேட்டாள். “ஆபரேஷன்னு சொன்னா கூட ஒரு ஆள் இருக்கணும். கூட யாரு வருவாங்க?”

ஒயரக்கா பையின் வாரை இழுத்துப் பார்த்தாள். வரிசையில் பின்னாலிருந்தவர் செருமினார். நான் என் பேரைச் சொன்னேன்.

“இவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

“சிஸ்டர்,” என்றாள் ஒயரக்கா.

அந்தப் பெண் ‘சகோதரி’ என்று எழுதி, முத்திரை குத்தி, சீட்டை நீட்டினாள். ஒயரக்கா அதைக் கண்ணருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“என்ன எழுதியிருக்கு சிஸ்டர்?”

“நம்பர் முப்பத்தாறு,” என்றேன். “போய் உட்காரு.”